வேலையை விட்டுச் சபைப் பணிக்கு: கொழும்பில் இருந்து தொடங்குவோருக்கு

2022 ஜனவரியில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய், "ஐயா, முழுநேரப் பணிக்கு வர விரும்புகிறேன்" என்றேன். அப்போது எனக்கு வயது 44. புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்தக் கடையொன்றில் 17 வருடமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி தனியார் மருத்துவமனை ஒன்றில் தாதி. பிள்ளைகள் இரண்டு பேர்.

பிலிமத்தலாவை இறையியல் கல்லூரி வாசலில் பெட்டியோடு இறங்கியபோது 2023ஆம் ஆண்டு பாதி கடந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஜெபத்துக்கும் ஆலோசனைக்கும் தேவைப்பட்ட மாதங்கள் உண்டு. அவற்றைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெரும்பகுதி கடதாசிகளுக்குப் பின்னால் அலைந்ததில் போனது. அதில் 11 மாதம் என் கையில் சம்பளம் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிட்டோம். முதலிலேயே யாராவது உட்கார வைத்து விளக்கியிருந்தால் அந்த 11 மாதத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவன். கத்தோலிக்க நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் தேவையான இடங்களில் சேர்த்திருக்கிறேன்.

1. உங்கள் சபையில் உங்களுக்கு வழி உண்டா என்று முதலில் பாருங்கள்

கத்தோலிக்கர் என்றால், குருத்துவம் திருமணமாகாத ஆண்களுக்கு. மனைவியை இழந்தவரும் விண்ணப்பிக்கலாம். திருச்சபைச் சட்டப்படி குருவாகத் திருநிலைப்படுத்த 25 வயது நிறைந்திருக்க வேண்டும். மெய்யியல், இறையியல் படிப்புக்கு மட்டும் முழுதாக ஆறு வருடம். அதற்கு முன் ஆயத்த ஆண்டு ஒன்றும் இருக்கிறது. பாடசாலை வயதில் சேர்பவர்கள் பொரளை புனித அலோசியஸ் சிறிய குருமடத்தில் தொடங்குவார்கள். பெரிய குருமடம் கண்டி அம்பிட்டியவில். தமிழில் படிக்க யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் புனித சவேரியார் குருமடம் உண்டு. பங்குத்தந்தையிடம் சொல்லி, அவர் வழியாக இறையழைத்தல் பொறுப்பாளரைச் சந்திப்பதே முறை. திருமணமான கத்தோலிக்கருக்கும் பங்கில் மறைக்கல்வி, நோயாளர் சந்திப்பு என்று பொறுப்பான பணிகள் இருக்கின்றன. இறையியலை முறையாகப் படிக்க விரும்பும் பொதுநிலையினர் பொரளையில் உள்ள அக்குவைனாஸ் உயர்கல்வி நிறுவனத்தில் விசாரிக்கலாம்.

அங்கிலிக்கன், மெதடிஸ்த போன்ற சபைகளில் திருமணம் தடையில்லை. பெண்களும் வரலாம், இலங்கை அங்கிலிக்கன் திருச்சபையில் 2006 முதல் பெண் குருமார் இருக்கிறார்கள். மெதடிஸ்த மரபில் பிரசங்க மேடையில் பழகிப் பிரசங்கியாராகத் தேர்ச்சி பெறுவதுதான் பெரும்பாலும் முதல் படி. அதற்குரிய பாடங்களையும் பரீட்சைகளையும் வேலையில் இருந்துகொண்டே முடித்துவிடலாம், முடித்தும்விட வேண்டும்.

இந்த இடத்திலேயே கொழும்புத் தமிழர் பலர் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் பெயர் எந்தச் சபையின் அங்கத்தவர் இடாப்பில் இருக்கிறது? வெள்ளவத்தையில் 10 வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். பெயரோ இன்னும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உங்கள் அப்பா காலத்துச் சபையில் கிடக்கும். அங்கத்தவர் அல்லாத ஒருவரைச் சபைக்குழு சிபாரிசு செய்ய முடியாது. சபை மாற்றக் கடிதம் கேட்டு இன்றே எழுதுங்கள். கடிதம் வந்து சேர்ந்த பிறகும், பெயர் பதிந்து குறிப்பிட்ட காலம் திருவிருந்தில் ஒழுங்காகப் பங்குபெற்றிருக்க வேண்டும் என்று கேட்கும் சபைகள் உண்டு. அந்தக் காலம் ஓடத் தொடங்குவது கடிதம் பதிவான நாளிலிருந்து. நீங்கள் வந்து உட்காரத் தொடங்கிய நாள் கணக்கில் வராது.

2. போதகருக்கு முன் வீட்டில் பேசுங்கள்

நான் போதகரிடம் சொன்ன பிறகுதான் மனைவியிடம் முழுதாகச் சொன்னேன். அது தவறு. தெரிவுக்குழு மனைவியையும் கூப்பிட்டுப் பேசும். "உங்களுக்கு இது எப்போது தெரியும்?" என்று அவரிடம் கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார். குழு அதைக் குறித்துக்கொண்டது. குறித்துக்கொண்டது சரிதான்.

வீட்டில் பேசும்போது ஆசீர்வாதம், அழைப்பு என்று மட்டும் பேசி முடிக்காதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து மாதச் செலவை எழுதுங்கள்: வாடகை, மின்சாரம், பாடசாலை வான், பால்மா, அம்மாவின் மருந்து. படிப்புக் காலத்தில் சபை தரும் உதவித்தொகை சிறியது. அதற்குப் பின் கிடைக்கும் கொடுப்பனவும் கடைக் கணக்காளரின் சம்பளத்துக்குக் கிட்ட வராது, குடியிருக்க வீடு கிடைக்கும் என்பதைத் தவிர. இதை இருவரும் எழுத்தில் பார்த்துவிட்டுச் சம்மதித்தால் அந்தச் சம்மதம் நிலைக்கும்.

3. பத்திரங்கள்: இன்றே தொடங்குங்கள்

அழைப்பு உறுதியானதும் பத்திரம் எடுக்கலாம் என்று நினைத்தேன். நேர்மாறாகச் செய்யுங்கள். விண்ணப்பப் படிவம் கைக்கு வரும் முன்னரே கீழே சொல்பவை உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். பணிக்கு வராவிட்டாலும் இவை வீணாகாது.

பிறப்புச் சான்றிதழ்: நான் பிறந்தது தெல்லிப்பழையில். அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்து, வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி, ஒரு நாள் லீவு போட்டு, போய் வந்தேன். பிறகுதான் தெரிந்தது, 1960க்குப் பின் பதிவானவை கணினியில் ஏறியிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம் என்று. கொழும்பு நகருக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் திம்பிரிகஸ்யாய. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் என்றால் கொழும்பு. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு, தேடச் சொன்னால் கூடும். எப்படியும் சில நூறு ரூபாவுக்குள் முடியும். ஒன்று போதாது, மூன்று பிரதி எடுங்கள்.

கிராம சேவகரின் வதிவிட, நற்சாட்சிப் பத்திரம்: வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விதானையார் முதலில் அதைத்தான் பார்ப்பார். பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க மறக்கக் கூடாது. நான் முதல் தடவை எடுத்தது நேர்முகத்துக்கு முன் பழையதாகிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் கடைசியில் எடுங்கள்.

கல்விச் சான்றிதழ்கள்: சாதாரண தரமும் உயர்தரமும் கேட்பார்கள். தொலைந்திருந்தால் பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில் எடுக்க வேண்டும். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய வருடமும் இல்லாமல் போகாதீர்கள். படித்த பாடசாலையின் பழைய பதிவேட்டில் சுட்டெண் இருக்கும்.

ஞானஸ்நானம், திடப்படுத்தல் சான்றிதழ்கள்: எனக்கு மிக நீண்ட ஓட்டம் இதுதான்.

எனக்கு ஞானஸ்நானம் தந்த சிற்றாலயம் வலிகாமம் வடக்கில். 1990இல் அந்தப் பகுதியை விட்டு ஊரே வெளியேறியது. போதகர் வீட்டு அலுமாரியில் இருந்த பதிவேடு என்ன ஆனது என்று சொல்ல இன்று யாரும் இல்லை. "புத்தகம் இல்லாமல் சான்றிதழ் தர முடியாது" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். "இன்னொரு தடவை ஞானஸ்நானம் எடுத்துவிடுங்களேன், இரண்டு கிழமையில் முடிந்துவிடும்" என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் சொன்னார். அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்பது நம் மரபுச் சபைகளின் போதனை. அதை இரண்டாம் முறை எடுத்தேன் என்ற பத்திரத்தோடு போனால், அந்தப் போதனையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப் போகிறவர் என்ற முறையில் உங்களிடம்தான் கேள்வி வரும்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. கண்டு அறிந்தவரின் சாட்சி. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 876ஆம் பிரிவே, யாருக்கும் பாதகம் இல்லாத விடயத்தில், நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும் என்கிறது; வளர்ந்த பின் திருமுழுக்குப் பெற்றவர் தாமே சத்தியம் செய்யலாம். எங்கள் பக்கத்திலும் நடைமுறை இதற்குக் கிட்டத்தான். எனக்கு ஞானத்தாயாக நின்றவர் வெள்ளவத்தையில், நான் குடியிருந்த இடத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, மகளோடு இருந்தார். 84 வயது. நான்கு மாதம் அலைந்த பிறகுதான் எனக்கு அவர் நினைவு வந்தது.

சமாதான நீதவானை வீட்டுக்கே கூட்டிப் போனேன். அன்ரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தியக் கடதாசியை வரி வரியாக வாசித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "சனிக்கிழமை இல்லைத் தம்பி. ஞாயிறு. அன்றைக்கு மழை. உன்னை என் சேலைத் தலைப்பால் மூடித்தான் உள்ளே கொண்டு போனேன்" என்றார். கடதாசியைத் திருத்தித் திரும்ப அடித்து வந்தோம். கை நடுங்கியதால் கையொப்பம் வைக்கச் சில நிமிடம் பிடித்தது. ஒவ்வோர் எழுத்தாக, முழுப் பெயரையும் வைத்தார். அந்த ஒரு தாளை என் சபை ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு ஞானப்பெற்றோர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். பத்திரம் தேவையில்லை என்றாலும் போய்ப் பாருங்கள்.

சத்தியக் கடதாசி அடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புதுக்கடை நீதிமன்றப் பக்கத்துத் தட்டச்சுக் கடைகளில் ஆயத்தமாக ஒரு படிவம் இருக்கும். அதில் "இந்துவாகிய நான் ... உறுதியளிக்கிறேன்" என்று வரும். நாட்டின் சட்டப்படி கிறிஸ்தவர் சாதாரணமாகச் சத்தியம் செய்வார். இந்துவும் பௌத்தரும் உறுதியளிப்பார்கள். போதகப் பணிக்குக் கொடுக்கும் கடதாசியில் "இந்துவாகிய நான்" என்று இருந்தால் திருப்பித் தருவார்கள். கையொப்பம் வைக்கும் முன் முதல் வரியை வாசியுங்கள்.

மலையகத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு: தோட்டத்துச் சிற்றாலயத்தில் புத்தகம் இல்லை என்றதும் மனம் சோர்ந்து திரும்பாதீர்கள். அந்தத் தோட்டத்துக்கு எந்த நகரத்துச் சபையிலிருந்து போதகர் வந்தார் என்று விசாரியுங்கள். பதிவு பெரும்பாலும் அந்தச் சபையின் புத்தகத்தில் இருக்கும். என்னோடு படிக்கும் ஒருவருக்கு அப்படித்தான் ஒரே நாளில் கிடைத்தது.

கத்தோலிக்கருக்கு: வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய திருமுழுக்குச் சான்றிதழ் உதவாது. திருமணம், உறுதிப்பூசுதல் போன்றவை திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்திலேயே குறிக்கப்படும். அந்தக் குறிப்புகளோடு புதிதாக எழுதிய பிரதிதான் வேண்டும்.

பெயர் வேறுபாடு: என் பிறப்புச் சான்றிதழில் தமிழ்ப் பெயர் மட்டும். பாடசாலைச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயரும் சேர்ந்திருந்தது. அடையாள அட்டையில் அது இல்லை. அப்பாவின் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று பத்திரத்தில் மூன்று விதம். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு வேறுபாடு என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி போதும். பிறப்புச் சான்றிதழிலேயே பெயரைத் திருத்தப் புறப்பட்டால் மாதக் கணக்கில் இழுக்கும். சபை வற்புறுத்தினால் மட்டும் அதில் இறங்குங்கள்.

மொழிபெயர்ப்பு: சபைகளின் மத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கோப்பு வைத்திருக்கின்றன. தமிழ்ப் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டி வரலாம். எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுக்காமல், எது தேவை என்று எழுத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் கேட்காமல் ஏழு பத்திரம் மாற்றினேன். தேவைப்பட்டவை மூன்று. பத்திரங்களுக்காக எனக்கு முடிந்த மொத்தச் செலவு 30,000 ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்புக்கும், தேவையில்லாத யாழ்ப்பாணப் பயணத்துக்கும் போனது.

4. நீங்கள் வந்த வழியை எழுதுங்கள், மறைக்காதீர்கள்

விண்ணப்பத்தோடு வாழ்க்கைக் குறிப்பும் அழைப்புச் சாட்சியும் கேட்பார்கள். இரண்டு, மூன்று பக்கம். நான் முதலில் எழுதியதில் ஞாயிறு பாடசாலை, வாலிபர் சங்கம், பாடகர் குழு எல்லாம் இருந்தன. 17 வருடக் கடை வாழ்க்கைக்கு ஒரு வரி. போதகர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதில் நீங்கள் இல்லையே. புறக்கோட்டையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

இரண்டாம் தடவை எழுதினேன். கடனுக்குச் சாமான் எடுத்துத் திருப்ப முடியாமல் வந்து நிற்கும் சிறு கடைக்காரரின் முகத்தை ஒவ்வொரு மாத முடிவிலும் பார்த்ததை எழுதினேன். முதலாளி ஒருமுறை கணக்கை மாற்றி எழுதச் சொன்னபோது மறுத்ததையும், அதற்கு முன்னால் ஒருமுறை மறுக்காமல் எழுதியதையும் எழுதினேன். நேர்முகத்தில் முக்கால்வாசி நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

எங்கள் வகுப்பில் பாடசாலை முடித்து நேரே வந்தவர்கள் சிலர்தான். கட்டாரில் 12 வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்தவர் ஒருவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அக்கா ஒருவர். கிராண்ட்பாஸில் முச்சக்கர வண்டி ஓட்டியவர். மன்னாரில் கணவனை இழந்து, தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து, கடைசி மகளும் வேலைக்குப் போன பிறகு வந்த அம்மா ஒருவர். செத்த வீட்டில் என்ன பேசுவது என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். தாதி அக்காவுக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை. வார்ட்டில் இரவு இரண்டு மணிக்கு உறவினருக்குச் செய்தி சொல்லியவர் அவர். மத்தேயு ஆயத்துறையில் இருந்து எழுந்து வந்தார். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்தார். வந்த வழியை நினைத்து வெட்கப்படத் தேவையில்லை.

ஒவ்வொரு வழிக்கும் தனியாக ஒரு பத்திரம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்தவர் அங்கே ஆராதனைக்குப் போன சபையிடமிருந்து கடிதம் கொண்டுவர வேண்டும். அந்தப் போதகர் மாற்றலாகிப் போகும் முன் கேளுங்கள். இந்து அல்லது பௌத்தக் குடும்பத்திலிருந்து வந்தவர் ஞானஸ்நானத் திகதியைத் தெளிவாகக் காட்ட வேண்டும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைச் சில வருடம் பொறுக்கச் சொல்வார்கள். அதை நிராகரிப்பாக எடுக்க வேண்டாம். முன்பு வேறு சபையில் ஊழியம் செய்தவர் அங்கிருந்து விலகிய காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மணமுறிவு நடந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே போதகரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிய வந்தால், அந்த விடயத்தைவிட அதை மறைத்ததுதான் பெரிதாகும். கடனும் அப்படியே. வங்கிக் கடன், அடகு, சீட்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

5. சபைக்குழு, நேர்முகம், காலம்

சாதாரணமாக நடக்கும் ஒழுங்கு இது: போதகர், சபைக்குழுவின் சிபாரிசு, மாவட்ட மட்டத்தில் ஒரு சந்திப்பு, மருத்துவப் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை அல்லது கட்டுரை, தெரிவுக்குழு, கடைசியில் ஆயர் அல்லது சபைத் தலைவர். பெயர்களும் வரிசையும் சபைக்குச் சபை மாறும். மாறாதது ஒன்று: தெரிவுக்குழு அடிக்கடி கூடாது. எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை. என் கோப்பு இரண்டு பத்திரம் குறைவாக இருந்ததால் ஒன்பது நாள் பிந்தியது. அந்த ஒன்பது நாளுக்கு ஒரு முழு வருடம் காத்திருந்தேன். குழு கூடும் திகதியை முதலில் கேளுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, எட்டு மாதத்துக்கு முன் பத்திர வேலையைத் தொடங்குங்கள்.

நேர்முகத்தில் வேதப் பாடம் கேட்பார்கள் என்று பயந்து மனப்பாடம் செய்தேன். கேட்டார்கள், கொஞ்சம். கூடுதலாகக் கேட்டவை: யாரோடு கடைசியாகச் சண்டை பிடித்தீர்கள், அதை எப்படி முடித்தீர்கள், உங்களைவிட 15 வயது குறைந்த மேற்போதகரின் கீழ் வேலை செய்வீர்களா, சிங்களம் தெரியுமா. கடைசிக் கேள்விக்கு "கடையில் பேசுமளவுக்கு" என்றேன். கொழும்புச் சபைகளில் ஒரே ஆலயத்தில் காலையில் ஆங்கிலம், பிறகு தமிழ், மாலையில் சிங்களம் என்று நடக்கும். சாமான் விலை பேசத் தெரிந்த சிங்களம் ஜெபம் செய்யப் போதாது. சிங்கள ஆராதனைப் புத்தகத்தை இப்போதே எடுத்து வாய்விட்டு வாசித்துப் பழகுங்கள்.

"இல்லை" என்றோ "அடுத்த வருடம் பார்ப்போம்" என்றோ சொன்னால், காரணத்தைத் தாழ்மையாகக் கேளுங்கள். பெரும்பாலும் சொல்வார்கள். என்னோடு இருப்பவர்களில் மூன்றாம் தடவையில் தெரிவானவரும் இருக்கிறார்.

6. வேலையை விடும் நாள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள்.

மாவட்டச் சந்திப்பு நன்றாக நடந்த சந்தோஷத்தில், ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். "ஊழியர் சேமலாப நிதி இருக்கிறதே, அதை எடுத்துச் சமாளிக்கலாம்" என்று மனைவிக்குச் சொன்னேன். எடுக்க முடியவில்லை. கணக்கு எழுதுபவனாக இருந்தும் இந்த விதியை நான் சரிபார்க்கவில்லை. வேலையை விட்டதற்காக மட்டும் அந்தப் பணம் கிடைக்காது. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது ஆக வேண்டும். இல்லாவிட்டால் நிரந்தர இயலாமை, வெளிநாட்டில் நிரந்தரக் குடியேற்றம், ஓய்வூதியமுள்ள அரச வேலை, பெண்ணுக்குத் திருமணம் போன்ற குறித்த காரணம் வேண்டும். சபைப் பணி அந்தப் பட்டியலில் இல்லை. 30 வீதம் முற்பணமாக எடுக்கும் வசதி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் உரியது.

கைக்கு வரக்கூடியவை இரண்டு. ஒன்று ஊழியர் நம்பிக்கை நிதி. வேலை விலகியதும் கேட்கலாம். முன்பு ஒருமுறை எடுத்திருந்தால் ஐந்து வருட இடைவெளி வேண்டும். இன்னொன்று பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். என் கடைசிச் சம்பளம் 70,000 ரூபா. 35,000 ரூபாவை 17ஆல் பெருக்கினால் 595,000 ரூபா. 30 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது சட்டம். எனக்குக் கிடைக்க ஏழு மாதம் எடுத்தது, அதுவும் நாரஹேன்பிட்டி மெஹெவர பியசவில் தொழில் திணைக்களத்துக்கு இரண்டு தடவை போன பிறகு. அந்த ஏழு மாதத்தில் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. அவர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நான்தான் ஒவ்வொரு மாதமும் வட்டி கட்டப் போய் வந்தேன்.

ஆகவே, தெரிவுக் கடிதம் கையில் வந்து, கல்லூரி தொடங்கும் திகதி எழுத்தில் கிடைக்கும் வரை ராஜினாமா செய்யாதீர்கள். தோளைத் தட்டி வாழ்த்துவது தெரிவு ஆகாது. முதலாளிக்கு ஒரு மாத அறிவித்தல் போதும் என்றால் அந்த ஒரு மாதம் வரை பொறுங்கள். விலகும்போது சேவைக் கடிதமும் கடைசிச் சம்பளச் சீட்டும் கையோடு வாங்குங்கள். ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும்.

அரச சேவையில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ராஜினாமா செய்தால் ஓய்வூதிய உரிமை போய்விடும். ஓய்வு பெறுவது வேறு, ராஜினாமா வேறு. எங்கள் தாதி அக்கா இதை முன்பே விசாரித்து, ஓய்வு பெறத் தகுதி வரும் வரை பொறுத்து, அதற்குள் பிரசங்கியார் பரீட்சைகளை முடித்துக்கொண்டார். எங்களில் சரியாகத் திட்டமிட்டவர் அவர்தான்.

7. எங்கே படிப்பது

அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிட்டேரியன், பப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து நடத்தும் இலங்கை இறையியல் கல்லூரி பிலிமத்தலாவையில் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் படிக்கலாம். கோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, கடுகண்ணாவை தாண்டியதும் இறங்க ஆயத்தமாகலாம். பொதுவாக உங்களை எங்கே அனுப்புவது என்று சபைதான் முடிவு செய்யும். அதனால் நீங்களாக ஓர் இடத்தில் சேர்ந்து பட்டம் எடுத்துவிட்டு, அதைக் காட்டிச் சபையிடம் போகலாம் என்று எண்ணாதீர்கள். அப்படி வந்த ஒருவரை, சபை வேறு ஒரு பயிற்சியை முதலிலிருந்து செய்யச் சொன்னது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பினால், கொழும்பில் பகுதிநேர வகுப்புகள் நடத்தும் நிறுவனங்கள் உண்டு. சேரும் முன், அந்தப் பாடங்களை உங்கள் சபை கணக்கில் எடுக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

விடுதி வாழ்க்கைக்கு மேற்சட்டை ஒன்றும் தடித்த போர்வையும் கொண்டு போங்கள். வெள்ளவத்தை வெக்கையில் வளர்ந்தவருக்கு அந்த விடியற்காலைக் குளிர் முதல் மாதம் கஷ்டமாக இருக்கும்.

8. மாற்றமும் பிள்ளைகளின் பாடசாலையும்

படிப்பு முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சபை கிடைக்கும் என்று யாரும் வாக்குத் தரமாட்டார்கள். முதல் நியமனம் ஹட்டனாக இருக்கலாம், வவுனியாவாக இருக்கலாம். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றம் வரும். கொழும்பில் பாடசாலை இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் எழுதும் வருடங்களை முன்பே குறித்து விண்ணப்பத்தோடு கொடுங்கள். முடிந்தவரை கவனத்தில் எடுப்பார்கள். எங்களுடைய மூத்தவள் புலமைப்பரிசில் எழுதும் வருடத்தைச் சொல்லியிருந்தோம். அதனால் அவளும் தாயும் வெள்ளவத்தையில் இருக்க, நான் வார இறுதியில் வந்துபோக இடம் தந்தார்கள்.

பாடசாலை மாற்ற வேண்டி வந்தால் விலகல் பத்திரத்தைத் தவணை முடிவில் கேளுங்கள். நடுத் தவணையில் கேட்டால் புதிய பாடசாலை அடுத்த தவணைவரை காத்திருக்கச் சொல்லக்கூடும். பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழிலும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். கிறிஸ்தவப் பாடசாலைகளில் அனுமதிக்கு அதைக் கேட்பார்கள், அதே பதிவேட்டிலிருந்துதான் அதையும் எழுதித் தருவார்கள்.